மேயர் வேட்பாளர்கள் நேருக்கு நேர்: நகரத் தேர்தலில் தொலைக்காட்சி விவாதத்தின் இடம்

2025 அக்டோபர் 16ஆம் தேதி மாலை, நியூயார்க் மேயர் பதவிக்குப் போட்டியிட்ட மூவர் ஒரே தொலைக்காட்சி அரங்கில் நின்றார்கள். ஜனநாயகக் கட்சியின் சொஹ்ரான் மம்தானி, சுயேச்சையாகக் களமிறங்கிய முன்னாள் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, குடியரசுக் கட்சியின் கர்டிஸ் ஸ்லிவா. அன்று அவர்களிடம் கேட்கப்பட்டவற்றில் ஒரு கேள்வி மிக எளியது: மாதம் எவ்வளவு வீட்டு வாடகை கொடுக்கிறீர்கள்? மம்தானி 2,300 டாலர் என்றார். ஸ்லிவா 3,900. குவோமோ 7,800.

அந்த மூன்று எண்களுக்குள் அந்தத் தேர்தலே அடங்கியிருந்தது. நகரத்தில் வாடகை கட்டி வாழ முடியவில்லை என்பதுதான் மம்தானியின் பிரசாரத்துக்கு அடித்தளம். வாடகை உயர்வுக்கு வரம்பு விதிக்கப்பட்ட வீட்டில், நல்ல சம்பளம் வாங்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஏன் குடியிருக்க வேண்டும் என்பது குவோமோ சில மாதங்களாகவே மம்தானிமீது வைத்த குற்றச்சாட்டு. வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடகைக்காரருக்கு, தான் கொடுக்கும் வாடகையை இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க எந்த நிபுணரின் துணையும் தேவைப்படவில்லை.

நாடாளும் பதவிக்கான விவாதங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. 1960இல் கென்னடியும் நிக்சனும் மோதிய நாளிலிருந்து அது தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துவிட்டது. நகரத் தேர்தல் விவாதங்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் தண்ணீர், குப்பை, பேருந்து, பள்ளி, வாடகை என்று மனிதர் அன்றாடம் தொட்டு வாழும் பொருள்கள் வேட்பாளர்களின் வாயிலிருந்து நேரடியாக வெளிவரும் இடம் இதுதான். இந்த விவாதங்கள் எப்படி உருவாயின, யார் நடத்துகிறார்கள், யாருக்கு அங்கே இடம் கிடைக்கிறது, என்ன கேட்கப்படுகிறது, வாக்கை மாற்றுகின்றனவா, தேர்தல் முடிந்த பின் அவற்றால் என்ன பயன் என்ற கேள்விகளை இக்கட்டுரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. விவாதத்தின் தரம் விளக்குகள் எரிவதற்கு முன்பே, அதை நடத்தும் விதிகளிலேயே முடிவாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு. அந்த விதிகளை வகுக்கும் உரிமை வேட்பாளர்களிடம் இருக்கக் கூடாது, நகரத்தின் கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நகரத் தேர்தலின் தனித்தன்மை

ஒரு நாட்டின் பொதுத் தேர்தலில் பெரும்பாலான வாக்காளர்களுக்குக் கட்சிச் சின்னமே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. நகரத் தேர்தலில் அந்தத் துணை பல இடங்களில் கிடைப்பதில்லை. கனடாவின் டொரோண்டோவில் மாநகரத் தேர்தல் கட்சிகள் இல்லாமலே நடக்கிறது. வாக்குச்சீட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும். நியூயார்க்கில் ஒரு கட்சியின் கை வெகுவாக ஓங்கியிருப்பதால், உண்மையான போட்டி பெரும்பாலும் அந்தக் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்விலேயே முடிந்துவிடும். அங்கே எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள். சின்னம் வேறுபாடு காட்டாத இடத்தில் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் இடம் விவாத மேடை.

இரண்டாவது காரணம் பொருளின் தன்மை. நியூயார்க் மேயர் ஆளும் வரவுசெலவுத் திட்டம் ஆண்டுக்கு 11,000 கோடி டாலருக்கும் மேல்; அவருக்குக் கீழே ஏறக்குறைய 3 லட்சம் ஊழியர்கள். போலீஸ் ஆணையரை நியமிப்பவர் அவர். பள்ளிகளும் 2002 முதல் அவர் பொறுப்பில் இருக்கின்றன. இவ்வளவு அதிகாரம் இருந்தும், அவர் செய்வதும் செய்யத் தவறுவதும் தெருவில் இறங்கினால் கண்ணில் படும். வெளியுறவுக் கொள்கையில் ஒரு வேட்பாளர் சொல்வது சரியா என்று சாதாரணக் குடிமகனால் சோதிக்க முடியாது. தன் தெருவில் குப்பை வண்டி எப்போது வருகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே நகர விவாதத்தில் பார்வையாளரே ஓரளவு சாட்சியும் ஆகிறார்.

திரையில் பிறந்த வாய்ப்பு: 1965, 1983

1965இல் நியூயார்க்கில் மேயர் தேர்தல் சூடுபிடித்த நேரத்தில் பத்திரிகைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக நகரத்தின் பெரும்பாலான நாளிதழ்கள் வெளிவரவில்லை. அந்த வெற்றிடத்தைத் தொலைக்காட்சி நிரப்பியது. ஜான் லிண்ட்சே, ஏப்ரகாம் பீம் என்ற இரு பெரிய வேட்பாளர்களோடு, கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் நின்ற இதழாசிரியர் வில்லியம் பக்லியும் திரையில் தோன்றினார். வெல்லும் வாய்ப்பு அவருக்குக் கொஞ்சமும் இல்லை. ஆனால் பேச்சுத் திறத்தால் நகரத்தின் கவனத்தை ஈர்த்து சுமார் 13 சதவீத வாக்குகளைப் பெற்றார். லிண்ட்சே வென்றார். மூன்றாவது வேட்பாளர் ஒருவருக்குத் திரை எத்தகைய வாசலைத் திறந்துவிடும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

இதைவிடப் பெரிய சான்று சிகாகோ. 1983இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் மூவர் மோதினார்கள். ஜேன் பைர்ன் பதவியில் இருந்த மேயர். அவரிடம் பணம் குவிந்திருந்தது. ரிச்சர்ட் எம். டேலி, நகரத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்ட மேயரின் மகன். மூன்றாமவர் கறுப்பினத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹரால்டு வாஷிங்டன். விளம்பரத்துக்குச் செலவழிக்க மற்ற இருவரிடமும் இருந்த வசதி அவரிடம் இல்லை. வெள்ளையர் வாக்கு இரண்டாகப் பிரிய, பொது எதிர்பார்ப்பில் அவர் மூன்றாம் இடத்தில்தான் இருந்தார்.

அந்த ஜனவரியில் நான்கு விவாதங்கள் நடந்தன. நகர நிதியை வரி வரியாக அறிந்தவராக, அச்சமோ தயக்கமோ இல்லாமல், தெளிந்த மொழியில் வாஷிங்டன் பேசினார். இவர் வெல்ல முடியாது என்று ஒதுங்கியிருந்த கறுப்பின வாக்காளர்கள் பலருக்கு இவர் மேயராக முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது அந்த மேடையில்தான் என்று சிகாகோ அரசியல் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் ஒப்புகிறார்கள். பிப்ரவரி 22 அன்று அவர் சுமார் 36 சதவீதம் பெற்றார். பைர்ன் 34, டேலி 30. ஏப்ரலில் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார்.

இந்த வெற்றியை முழுக்க விவாதத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 1982இல் நடந்த பெரும் வாக்காளர் பதிவு இயக்கம் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய கறுப்பின வாக்காளர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தது. தேவாலயங்களும் தெருக்குழுக்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தன. உழுது விதைத்த நிலத்தில்தான் மழை பயன்படும். சிகாகோ விவாதங்கள் அந்த மழை.

யார் அழைப்பது?

முன்னணியில் இருக்கும் வேட்பாளருக்கு விவாதம் வேண்டாத வேலை. ஏற்கெனவே பெயரும் பணமும் உள்ளவர் மேடையேறினால் இழப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பின்தங்கியவர்தான் வா, வா என்று அழைப்பார். இதை இருவரின் விருப்பத்துக்கே விட்டால், விவாதம் மிகவும் தேவைப்படும் இடத்தில், அதாவது பதவியில் இருப்பவர் தன் ஆட்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், அது நடக்காமலே போகும்.

நியூயார்க் இதற்கு ஒரு வழி கண்டது. 1988இல் தேர்தல் நிதிச் சட்டம் இயற்றி அதை நடத்த ஒரு வாரியத்தையும் அமைத்தது. சிறு நன்கொடைகளுக்கு நகரமே தன் கருவூலத்திலிருந்து இணைநிதி கொடுக்கும் திட்டம் அது. தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஒரு டாலர் என்றிருந்தது, 2018இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒன்றுக்கு எட்டாக உயர்ந்தது. நகரவாசி ஒருவர் 10 டாலர் கொடுத்தால் வேட்பாளருக்கு மேலும் 80 டாலர் வரும். 1996இல் இத்திட்டத்தோடு இன்னொரு விதி சேர்ந்தது. நகரம் முழுமைக்குமான பதவிகளுக்குப் போட்டியிட்டு மக்கள் பணத்தைப் பெறுபவர் மக்கள் முன் விவாதத்துக்கு வந்தே தீர வேண்டும். 1997 தேர்தல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் நியாயம் இதில் தெளிவாக இருக்கிறது: ஊர்ப் பணத்தில் பிரசாரம் செய்பவர் ஊருக்குப் பதில் சொல்லட்டும்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையும் சீக்கிரமே வெளிப்பட்டது. பெருஞ்செல்வரான மைக்கேல் புளூம்பெர்க் மேயர் தேர்தல்களில் சொந்தப் பணத்தையே செலவழித்தார். 2005இல் மட்டும் அவர் செலவு சுமார் 8.5 கோடி டாலர். பொதுநிதியைத் தொடாததால் அந்தக் கட்டாயம் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஹார்லெம் பகுதியின் புகழ்பெற்ற அப்பல்லோ அரங்கில் நடந்த விவாதத்துக்கு அவர் வரவில்லை. பின்னர் வேறு விவாதங்களில் கலந்துகொண்டார், பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஆயினும் கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகரில் பதவியில் இருந்த மேயர் வராமல் போனது ஒரு பாடம். கடமை பணத்தோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால், பணம் தேவைப்படாதவரை அது தொடாது.

தென்கொரியா வேறு வழியில் சென்றிருக்கிறது. அங்கே தேர்தல் ஆணையத்தின் கீழ் விவாதங்களுக்கென்றே தனிக் குழு இயங்குகிறது. சோல் முதலான பெருநகர மேயர் தேர்தல்களில் பிரசார காலத்தில் குறைந்தது ஒரு விவாதத்தை அந்தக் குழு நடத்தியாக வேண்டும். அழைக்கப்பட்ட வேட்பாளர் தக்க காரணமின்றி வராவிட்டால் 1 கோடி வான் வரை அபராதம். அதைவிட முக்கியமாக, அவர் வரவில்லை என்ற செய்தி விவாதம் தொடங்கும்போதே திரையில் அறிவிக்கப்படும். பணக்காரருக்கு அபராதம் பெரிதில்லை. வராதவர் என்று ஊரறிய அறிவிப்பது யாருக்கும் சுடும். கடமையை வேட்பாளர் என்ற தகுதியோடு கட்டியிருப்பதால் கொரிய முறையே இரண்டில் வலுவானது என்பது என் மதிப்பீடு.

சட்டமும் வழக்கமும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு விவாதம்கூட வரலாற்று நிகழ்வாகிவிடுகிறது. 2019 மார்ச் 31இல் இஸ்தான்புல் மேயர் தேர்தலில் எக்ரெம் இமாமோலு சுமார் 13,000 வாக்குகளில் வென்றார். மே மாதம் அந்த முடிவு ரத்து செய்யப்பட்டது. மறுதேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, அவரும் முன்னாள் பிரதமர் பினாலி இல்திரிமும் மூன்று மணி நேரம் நேருக்கு நேர் விவாதித்தார்கள். துருக்கியில் அப்படியொரு பெரிய விவாதம் 2002க்குப் பிறகு நடந்ததே இல்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் எதிரெதிர் அரசியல்வாதிகள் ஒரே மேசையில் பேசுவதை முதன்முறையாக அன்றுதான் பார்த்தார்கள். மறுதேர்தலில் இமாமோலுவின் முன்னிலை 8 லட்சத்தைத் தாண்டியது. பறிக்கப்பட்ட வெற்றி பற்றிய மக்களின் கோபமே அதற்கு முதற்காரணம். விவாதத்தின் பங்கு வேறு: பதினேழு ஆண்டுகளாக மறந்துபோன ஒரு பழக்கத்தை அது நினைவூட்டியது.

யாருக்கு இடம்?

2025 ஜூன் 4 அன்று நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வுக்கான முதல் விவாதத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். நேரம் இரண்டு மணி. கேள்விகளுக்கும் இடைவேளைகளுக்கும் ஆகும் நேரத்தைக் கழிக்காவிட்டால்கூட ஆளுக்குப் பதின்மூன்று நிமிடம். ஜூன் 12 விவாதத்தில் ஏழு பேர் இருந்தார்கள். எவ்வளவு நிதி திரட்டினார், எவ்வளவு செலவழித்தார் என்ற அளவுகோல்களைத் தேர்தல் நிதி வாரியம் முன்கூட்டியே அறிவித்து, முதல் விவாதத்தைவிட இரண்டாவதற்கு அவற்றை உயர்த்தி வைக்கிறது.

டொரோண்டோவின் நிலை இன்னும் கடினம். 2023இல் மேயர் ஜான் டோரி பதவி விலகியதால் நடந்த இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அங்கே விவாதங்களைப் பல அமைப்புகளும் ஊடகங்களும் தனித்தனியே நடத்துகின்றன. யாரை அழைப்பது என்பதும் அவரவர் முடிவு. பெரும்பாலான மேடைகளில் கருத்துக்கணிப்பில் முன்னணியில் இருந்த ஆறேழு பேரே தோன்றினார்கள். ஒலிவியா சௌ சுமார் 37 சதவீத வாக்குகளோடு வென்றார்.

கருத்துக்கணிப்பை மட்டும் வாயிற்காவலராக வைத்தால் ஒரு சுழல் உருவாகிறது. பெயர் தெரியாததால் கணிப்பில் இடமில்லை. கணிப்பில் இடமில்லாததால் மேடையில் இடமில்லை. மேடையில் இடமில்லாததால் பெயர் தெரிவதில்லை. கொரியா இதற்குப் பல வாசல்களை வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஐந்து இடங்களுள்ள கட்சியின் வேட்பாளரானாலும் போதும், முந்தைய தேர்தலில் 3 சதவீதம் பெற்ற கட்சியானாலும் போதும், கணிப்புகளில் சராசரியாக 5 சதவீதம் பெற்றவரானாலும் போதும். இவற்றில் எதிலும் வராதவர்களுக்கும் தனி விவாதம் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. ஆர்கன்சாஸ் பொதுத் தொலைக்காட்சி ஒரு சுயேச்சை வேட்பாளரைத் தன் விவாதத்தில் சேர்க்காத வழக்கில் 1998இல் தீர்ப்பு வந்தது. வேட்பாளரின் கருத்துக்காக அவரை விலக்கக் கூடாது. அவருக்கு ஆதரவு இல்லை என்பது போன்ற நடுநிலையான, நியாயமான காரணத்தால் விலக்கலாம் என்றது நீதிமன்றம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் நகர மக்களுக்குப் போதாது. அளவுகோல் நியாயமாக இருப்பதோடு, தேர்தல் அறிவிக்கும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; நிதி, கையெழுத்து, கணிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் அதை எட்டும் வாய்ப்பும் இருக்க வேண்டும்.

வாக்களிக்கும் முறையும் மேடையின் நடத்தையை மாற்றுகிறது. நியூயார்க்கின் கட்சி வேட்பாளர் தேர்வில் 2021 முதல் வாக்காளர் ஐந்து பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். அடுத்தவரின் ஆதரவாளர் தரும் இரண்டாம் விருப்பமும் தேவைப்படுவதால், எல்லாரையும் தாக்குவது நட்டத்தில் முடியும். 2025 ஜூன் 12 மேடையில் மம்தானியும் இன்னொரு வேட்பாளரான பிராட் லேண்டரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டுக் குவோமோவையே குறிவைத்தார்கள். மறுநாள் பரஸ்பர ஆதரவை அறிவித்தார்கள். ஜூன் 24 தேர்தலின் இறுதிச் சுற்றில் மம்தானி 56.4 சதவீதத்தோடு குவோமோவை வென்றார்.

என்ன கேட்பது?

ஜூன் 4 விவாதத்தில், மேயரானால் முதலில் எந்த நாட்டுக்குப் போவீர்கள் என்ற கேள்வி எழுந்தது. சிலர் இஸ்ரேல் என்றார்கள். மம்தானி நகரத்திலேயே இருந்து ஐந்து வட்டாரங்களின் மக்களைச் சந்திப்பேன் என்றார். உடனே இஸ்ரேல் பற்றிய அவர் நிலைப்பாட்டை நோக்கித் துணைக்கேள்விகள் பாய்ந்தன. யூதர்கள் பெருந்தொகையாக வாழும் நகரத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. வெறுப்புக் குற்றங்களைப் பற்றிய அச்சம் அங்கே உண்மையானது. ஆனால் மேயருக்கு அதிகாரமே இல்லாத விஷயங்களில் கழியும் ஒவ்வொரு நிமிடமும், அவருக்கு அதிகாரம் உள்ள விஷயங்களிலிருந்து எடுக்கப்பட்ட நிமிடம்.

அதிகாரத்தின் எல்லையைத் தெளிவாக்குவதே நகர விவாத நெறியாளரின் முதல் வேலை என்பேன். மம்தானியின் மூன்று வாக்குறுதிகளையே எடுத்துக்கொள்வோம். வாடகை உயர்வை நிறுத்துவது: வரம்புக்குட்பட்ட ஏறத்தாழ 10 லட்சம் வீடுகளின் வாடகையை நிர்ணயிக்கும் வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களையும் நியமிப்பவர் மேயர், ஆகவே இது பெரிதும் அவர் கைக்கு எட்டியது. கட்டணமில்லாப் பேருந்து: பேருந்துகளை இயக்குவது மாநில அரசின் பிடியில் உள்ள போக்குவரத்து ஆணையம், மாநிலத்தின் சம்மதமின்றி நடக்காது. செல்வந்தர் மீது கூடுதல் வருமான வரி: மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். மூன்றும் ஒரே மேடையில் ஒரே குரலில் ஒலித்தாலும், மேயர் தானே செய்யக் கூடியது, பேரம் பேசிப் பெற வேண்டியது, இன்னொருவர் மனம்வைத்தால்தான் நடப்பது என்று மூன்றும் மூன்று வகை. எதிர்த்தவர்கள் இதைச் சுட்டினார்கள் என்பது அந்த விவாதங்களுக்குப் பெருமை.

டொரோண்டோவிலும் இதே எல்லைக் கேள்வி மையத்துக்கு வந்தது. ஒன்ராறியோ மாநில அரசு 2022இல் மேயருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. மாநகரசபையில் மூன்றில் ஒரு பங்கினரின் ஆதரவோடு சில தீர்மானங்களை நிறைவேற்றும் வழியும் அதில் உண்டு. 2023 வேட்பாளர்கள் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்கப்பட்டார்கள். பெரும்பான்மையை மீறிப் பயன்படுத்த மாட்டேன் என்று சௌ உறுதியளித்தார். பதவியை வைத்து என்ன செய்வீர்கள் என்பதோடு, எதைச் செய்ய மாட்டீர்கள் என்றும் கேட்டு வாங்கிய பதில் அது. இத்தகைய கேள்வி எல்லா மேடைகளிலும் வர வேண்டும்.

வாக்கை மாற்றுகிறதா?

ஆராய்ச்சி இங்கே நிதானத்தைக் கற்றுத்தருகிறது. கரோலின் லெ பென்னெக், வின்சென்ட் போன்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் 1952 முதல் பத்து நாடுகளில் நடந்த 62 தேர்தல்களின் கருத்தாய்வுத் தரவுகளையும் 56 தொலைக்காட்சி விவாதங்களையும் எடுத்து ஆராய்ந்தார்கள். தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் 17 முதல் 29 சதவீதம் வாக்காளர்கள் மனத்தை முடிவு செய்கிறார்கள்; ஆனால் அந்த முடிவில் விவாதங்களின் தாக்கம் எதுவும் தென்படவில்லை என்பது அவர்கள் கண்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சியரா லியோனில் 2012 தேர்தலின்போது நடந்த ஒரு பரிசோதனை நிற்கிறது. நாடாளுமன்ற வேட்பாளர்களின் விவாதங்களைப் படமாக்கி, தேர்ந்தெடுத்த ஊர்களில் திரைகட்டி மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த வாக்காளர்களுக்கு வேட்பாளர்களையும் கொள்கைகளையும் பற்றிய அறிவு கூடியது; நன்றாகப் பேசியவர்களுக்கு வாக்கும் கூடியது. வென்ற பிறகு, விவாதத்தில் பங்கேற்றவர்கள் தொகுதி வளர்ச்சி நிதியை மற்றவர்களைவிடப் பொறுப்பாகச் செலவழித்தார்கள்.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றனவா? நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆய்வு கண்டது, கட்சிகளும் ஊடகங்களும் தகவலைக் கொட்டிக்கொண்டிருக்கும் நாட்டுத் தேர்தல்களை. அங்கே இன்னும் ஒரு விவாதம் கடலில் பெய்த மழை. இரண்டாவது ஆய்வு கண்டது, வேட்பாளர் யார் என்றே தெளிவாகத் தெரியாத இடங்களை. கட்சி அடையாளம் மங்கிய, வேட்பாளர்கள் கூட்டமாக நிற்கும் நகரத் தேர்தல் இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குச் சற்றே அருகில் இருக்கிறது. 1983 சிகாகோ அதற்குச் சான்று.

பதிவாக நிற்கும் சொல்

சியரா லியோன் ஆய்வின் கடைசி முடிவுதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. விவாதத்தின் பயன் வாக்குப்பதிவு நாளோடு முடிவதில்லை. எல்லார் முன்னிலையிலும், எதிராளி பக்கத்தில் நிற்க, ஒளிப்பதிவுக் கருவிக்கு முன் கொடுத்த வாக்குக்கு ஒரு பத்திரத்தின் தன்மை இருக்கிறது. தேர்தல் அறிக்கையைக் கட்சி அலுவலகம் எழுதுகிறது. துண்டறிக்கையை யாரோ அச்சடிக்கிறார்கள். விவாத மேடையில் சொன்ன சொல் மட்டும் அந்த மனிதரின் வாயிலிருந்தே வந்தது.

விவாதம் அங்கேயே செயலாகவும் மாறலாம். 2012 லண்டன் மேயர் தேர்தலில் போரிஸ் ஜான்சனும் கென் லிவிங்ஸ்டனும் ஒருவருக்கொருவர் வருமான வரி பற்றிக் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் அது வெடித்தபோது, வரிக் கணக்கை வெளியிடத் தயாரா என்ற கேள்விக்கு முக்கிய வேட்பாளர்கள் நால்வரும் இசைந்தார்கள். உடனே வெளியிடவும் செய்தார்கள். தனித்தனியே கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் நழுவ இடமிருந்திருக்கும். நால்வரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டபோது நழுவ இடமில்லாமல் போனது.

இன்று விவாதத்தை முழுதாகப் பார்ப்பவரைவிட, கைபேசியில் துண்டு துண்டாகப் பார்ப்பவரே மிகுதி. தன் பெயரைத் தவறாக உச்சரித்த குவோமோவுக்கு மம்தானி எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டிய சில நொடிகள் அப்படித்தான் நகரமெங்கும் பரவின. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நொடிகளில் தங்கள் பள்ளிநாள்கள் தெரிந்திருக்கும். அதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் முப்பது நொடித் துண்டு மட்டும் எஞ்சினால் பத்திரம் கிழிந்துபோகும். முழுப் பதிவையும், எழுத்து வடிவத்தையும், மேயர் பதவியில் இருக்கும் காலம் முழுவதும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருப்பது தேர்தல் அமைப்பின் கடமையாக வேண்டும்.

நம் நகரங்கள்

சென்னை மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த காலம் உண்டு. 1996இலும் 2001இலும் மு.க. ஸ்டாலின் அப்படி வென்றார். 2011இல் சைதை துரைசாமி வென்றார். இடையிலும் பின்னரும் சட்டம் மாறி மாறி, 2022இல் 200 வார்டுகளின் கவுன்சிலர்களே ஆர். பிரியாவை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் யார் என்பதே வாக்குப்பதிவுக்குப் பின் தெரியவரும் முறையில் மேயர் வேட்பாளர் விவாதத்துக்கு இடமே எழுவதில்லை. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரமும் பெரிதும் ஆணையரிடம் இருக்கிறது. கையில் அதிகாரம் இல்லாதவரிடம் வாக்குறுதி கேட்டு என்ன பயன்?

நமக்கு விவாதம் புதிதில்லை. பட்டிமன்றத்தைக் கோயில் திருவிழாவிலும் தொலைக்காட்சியிலும் வைத்து வளர்த்த மக்கள் நாம். இரவு தோறும் செய்தி அலைவரிசைகளில் கட்சிப் பேச்சாளர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் அங்கே வாக்குக் கேட்கும் ஆள் வருவதில்லை, அவருக்காகப் பேசுபவர் வருகிறார். வார்டு அளவில் இதை மாற்ற எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. ஒரு வார்டின் கவுன்சிலர் வேட்பாளர்கள் ஐந்தாறு பேரை ஒரு பள்ளி வளாகத்தில் உட்காரவைத்து, மழைநீர் வடிகாலையும் குப்பைக் கிடங்கையும் பற்றிக் கேட்டு, அதைப் பதிவு செய்து வைத்தால் போதும், தொடக்கம் அதுதான்.

முடிபு

சிகாகோ, நியூயார்க், டொரோண்டோ, லண்டன், சோல், இஸ்தான்புல் ஆகிய ஆறு நகரங்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து விதிகள் தெளிகின்றன. விவாதத்துக்கு வருவது வேட்பாளரின் கடமையாகச் சட்டத்தில் இருக்க வேண்டும். வராதவர் பெயர் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டும். மேடையில் யாருக்கு இடம் என்ற அளவுகோல் முன்கூட்டியே தெரிந்ததாக, பல வாசல்கள் உள்ளதாக இருக்க வேண்டும். கேள்விகள் மேயரின் கைக்கு எட்டியதையும் எட்டாததையும் பிரித்துக் காட்ட வேண்டும். பேசியது முழுதாகப் பாதுகாக்கப்பட வேண்டும்.

இந்த ஐந்தும் இருந்தால், விவாதம் ஒரு வாக்கையும் மாற்றாவிட்டாலும் அதன் வேலை நடந்துவிடும். நியூயார்க்கில் அந்த வாடகைக் கேள்வி கேட்கப்பட்ட மூன்றாவது வாரத்தில், நவம்பர் 4 அன்று, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். 1969க்குப் பிறகு அந்நகரின் மேயர் தேர்தலில் அவ்வளவு பேர் வாக்களித்ததில்லை. வென்றவர் மம்தானி. வாடகை உயர்வை நிறுத்துவேன் என்று மேடையில் அவர் சொன்ன சொல் பதிவில் இருக்கிறது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் வாடகை கட்டும்போது அதை எடுத்துப் பார்க்க அந்நகர மக்களால் முடியும்.